பாண்டி பாட்டிலோடு பிடிபட்ட 17 வயதுப் பையன்: சட்டம் அவனை என்ன செய்யும்?

உங்கள் கேள்வியை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். அக்கா மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை, கல்லூரியில் படிக்கும் 20 வயது நண்பனோடு அக்காவின் ஸ்கூட்டரில் பாண்டிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கடலூர் எல்லையில் உள்ள ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் நிறுத்தியிருக்கிறார்கள். பையில் மூன்று குவாட்டர் பாட்டில் இருந்தது. வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டு, பெயர், முகவரி எழுதிக்கொண்டு, நாளைக்குப் பெற்றோரோடு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "பாண்டியில் 18 ஆனால் வாங்கலாமே, இவனுக்கு இன்னும் நாலு மாதம்தானே பாக்கி, இதற்குப் போய் ஜெயிலா? படிப்பு, அரசு வேலை எல்லாம் போய்விடுமா?" என்பது கேள்வி. ஜெயில் கிடையாது. படிப்பும் வேலையும் போகாது. ஆனால் அதற்கு, நாளைக்கு ஸ்டேஷனில் அவன் வயது சரியாக எழுதப்பட வேண்டும். அதைத்தான் இந்தப் பதிலில் விளக்கமாகச் சொல்லப் போகிறேன்.

நான் கடலூரில் வழக்கறிஞராக இருக்கிறேன். மஞ்சக்குப்பம் நீதிமன்றங்களில் மதுவிலக்கு வழக்குகளும், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் பிள்ளைகளின் வழக்குகளும் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். எஃப்.ஐ.ஆர். போட்டார்களா, போட்டிருந்தால் எந்தப் பிரிவு என்பது உங்கள் கேள்வியில் இல்லை. அந்தக் காகிதத்தைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக்கூடியதையும், பார்த்த பிறகே சொல்லக்கூடியதையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

வீட்டில் எல்லோரும் வயதைப் பிடித்துக்கொண்டு வாதம் செய்கிறீர்கள் என்று தெரிகிறது. பாண்டியில் 18, தமிழ்நாட்டில் 21 என்பது உண்மைதான். ஆனால் அந்த 21 என்பது கடைக்காரருக்குப் போட்ட கட்டுப்பாடு. 2003-இல் டாஸ்மாக் சில்லறை விற்பனைக்கு வந்தபோது போட்ட விதிகளில், 21 வயது நிறையாதவருக்கு விற்கக் கூடாது என்று இருக்கிறது. கடை வாசலில் போர்டும் அதைத்தான் சொல்கிறது. உங்கள் பையன் மாட்டியது அந்த விதியில் இல்லை. பாட்டில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் புதுச்சேரியிலிருந்து வந்தது, அதுதான் குற்றம். நம் மதுவிலக்குச் சட்டம் 1937-ஆம் ஆண்டுச் சட்டம், ராஜாஜி ஆட்சியில் சேலத்தில் முதலில் அமலானது. அதன் அடித்தளம் இன்னும் மாறவில்லை. மதுவைக் கொண்டுவருவது, கொண்டுபோவது, வைத்திருப்பது எல்லாமே தடை. டாஸ்மாக்கில் வாங்கி வைத்திருப்பது அந்தத் தடைக்குக் கொடுக்கப்பட்ட விலக்கு. புதுச்சேரி யூனியன் பிரதேசம், அதற்கு 1970-இல் வந்த தனிக் கலால் சட்டம் இருக்கிறது. அங்கே சட்டப்படி பில்லோடு வாங்கிய பாட்டிலாக இருந்தாலும், பாலம் தாண்டியதும் அது அனுமதியில்லாமல் கொண்டுவரப்பட்ட வெளி மது. ஐம்பது வயதுக்காரர் கொண்டுவந்தாலும் அதே கதைதான். சோதனைச்சாவடியில் போலீஸ்காரர் பாட்டிலைத் திருப்பி முதலில் லேபிளைப் பார்ப்பது அதனால்தான். எந்த மாநிலத்தில் விற்க வந்த சரக்கு என்பது அதில் அச்சடித்திருக்கும். பிடித்ததைப் பதிவு செய்யும் மகஜரிலும் அதை எழுதுவார்கள்: என்ன பெயர், எத்தனை மில்லி, எத்தனை பாட்டில், லேபிளில் என்ன இருந்தது என்று. ஆக, "இன்னும் நாலு மாதத்தில் 18 ஆகிவிடும்" என்ற வாதத்தை ஸ்டேஷனில் சொல்லவே சொல்லாதீர்கள். குற்றச்சாட்டுக்கு எதிராக அது எதற்கும் உதவாது, அவனுக்கு இருக்கிற பெரிய பாதுகாப்பையும் அது குழப்பிவிடும்.

மூன்று குவாட்டருக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று நீங்கள் கோபப்படுவது புரிகிறது. சோரியாங்குப்பம், கன்னியக்கோயில் கடைகளுக்கும் நம் ஊருக்கும் நடுவில் இருப்பது ஓர் ஆறும் ஒரு பாலமும்தான். அந்தப் பக்கம் விலை குறைவு, அதனால் கடத்தல் இங்கே தினசரி வியாபாரம். 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தில் உயிர்கள் போயின. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். அதே மாதம் சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்கியது. கள்ளச்சாராயத்தால் சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனை, பத்து லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதம் என்றெல்லாம் இப்போது வந்துவிட்டது. உங்கள் பையன் வழக்கு அந்த வகையில் வராது. ஆனால் சாவடியில் நிற்கும் போலீஸ்காரர் ஒரு பாட்டிலையும் லேசாக விடாததற்குப் பின்னால் இந்தச் சாவுகள் இருக்கின்றன.

இனி அவன் வயதுக்கு வருவோம். அவன் மேல் என்ன குற்றச்சாட்டு என்பதைப் பாட்டில் தீர்மானிக்கிறது. அவனை எப்படி நடத்த வேண்டும் என்பதை வயது தீர்மானிக்கிறது. பிடிபட்ட நாளில் 18 நிறையவில்லை என்றால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம்தான் முன்னால் நிற்கும், மதுவிலக்குச் சட்டம் அதற்குப் பின்னால்தான். நடுவில் பிறந்தநாள் வந்து 18 ஆகிவிட்டாலும் இது மாறாது. அவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது. கைவிலங்கு கூடாது. பிடித்து வைத்தால் 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். விசாரிக்க வேண்டியவர் அந்த ஸ்டேஷனின் குழந்தை நலக் காவல் அலுவலர், அவரும் சீருடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது விதி. ஜாமீன் என்பது இங்கே இயல்பான நிலை. பிணையாளோடோ இல்லாமலோ விட்டுவிட வேண்டும், குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, அல்லது நீதியின் நோக்கம் கெட்டுவிடும் என்று குழுமம் காரணம் எழுதினால்தான் மறுக்கலாம். 16 முதல் 18 வரை உள்ள பையனைப் பெரியவன் போல விசாரிக்கலாமே என்று யாராவது உங்களைப் பயமுறுத்தியிருந்தால், அது குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு என்றிருக்கும் கொடுங்குற்றங்களுக்கு மட்டும். பையில் மூன்று பாட்டில் வைத்திருந்தது அந்த வகையே இல்லை. இவ்வளவும் உறுதி.

எஃப்.ஐ.ஆர். விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. 18-க்குக் கீழே உள்ள பிள்ளை மட்டும் சம்பந்தப்பட்ட சாதாரண வழக்கில் எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது. பொது நாட்குறிப்பில் எழுதி, பிள்ளையின் குடும்பப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்பினால் போதும். ஆனால் பெரியவரோடு சேர்ந்து செய்ததாகச் சொல்லப்பட்டால் எஃப்.ஐ.ஆர். போடலாம் என்று அதே விதி விலக்கும் தருகிறது. நண்பனுக்கு 20. அதனால் எஃப்.ஐ.ஆர். இருக்கக்கூடும், அதில் பையன் பெயரும் இருக்கக்கூடும். இருந்தால் அதிர்ந்துவிடாதீர்கள். இரண்டு பேரையும் ஒரே வழக்காக விசாரிக்கக் கூடாது என்று சட்டத்தின் 23-ஆவது பிரிவு சொல்கிறது. நண்பனுடையது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகும், உங்கள் பையனுடையது பிரிந்து குழுமத்துக்கு வரும்.

அடுத்தது, நான் மிகவும் கவலைப்படுகிற இடம். "சின்ன கேஸ்தான், 18-னு போட்டுடலாம், கோர்ட்ல ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டா இன்னைக்கே முடிஞ்சுடும்" என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். ஸ்டேஷன் வாசலில் நிற்பவர் சொல்லலாம், தெரிந்தவர் என்று கூட வந்தவர் சொல்லலாம். நல்லெண்ணத்தில்கூடச் சொல்வார்கள். அக்காவும் மாமாவும் அவமானத்துக்குப் பயந்து சீக்கிரம் முடிந்தால் போதும் என்றுதான் நினைப்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால், அது ஒரு பெரியவர் மீதான தண்டனைத் தீர்ப்பு. ஒரே நாளில் முடிந்த அந்த வேலை நாலு வருடம் கழித்து வேலைக்கான போலீஸ் விசாரணையில் எழுந்து நிற்கும். அப்போது அந்த நாளில் அவன் மைனர் என்று நிரூபிக்க முடியாதா என்றால் முடியும், வழக்கு முடிந்துபோன பிறகும் எந்தக் கட்டத்திலும் அந்தக் கோரிக்கையை வைக்கலாம். ஆனால் அதற்கு அலையும் அலைச்சலை நான் பார்த்திருக்கிறேன். நாளைக்கு ஒரு காகிதத்தைக் காட்டினால் தீரக்கூடிய விஷயம் அது.

எந்தக் காகிதம்? பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். மூலமும் இரண்டு நகலும் எடுத்துக்கொள்ளுங்கள். வயதை முடிவு செய்ய சட்டத்தின் 94-ஆவது பிரிவில் ஒரு வரிசை இருக்கிறது: முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லையென்றால் நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லையென்றால்தான் எலும்புப் பரிசோதனை. மாற்றுச் சான்றிதழை, அதாவது டிசியை, எல்லோரும் முதலில் நீட்டுகிறார்கள். அது இந்தப் பிரிவு கேட்கும் ஆவணம் ஆகாது என்று தமிழ்நாட்டிலிருந்து மேல்முறையீட்டில் போன ஒரு வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள், அது இந்த வரிசையிலேயே இல்லை. பிறப்புச் சான்றிதழும் இருந்தால் அதையும் கையில் வையுங்கள். இரண்டிலும் தேதி ஒன்றாக இருக்கிறதா என்று இன்று இரவே பாருங்கள். சில வீடுகளில் பள்ளியில் சேர்க்கும்போது ஒரு வருடம் கூட்டியோ குறைத்தோ போட்டிருப்பார்கள். நாலு மாத வித்தியாசத்தில் நிற்கும் உங்கள் வழக்கில் அது எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

குழுமம் என்றதும் கோர்ட், கூண்டு என்று பையன் நினைத்துக்கொண்டு தூங்காமல் இருப்பான். அவனிடம் சொல்லுங்கள்: அங்கே கூண்டு கிடையாது. உயர்ந்த மேடையில் உட்காரக் கூடாது என்பதே விதி. ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பார்கள், அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருப்பார். பெற்றோர் பக்கத்திலேயே இருக்கலாம். முதல் நாள் பெரும்பாலும் படிப்பைப் பற்றி, வீட்டைப் பற்றி, யாரோடு பழகுகிறான் என்பதைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் பார்த்தவரை, அப்பா முந்திக்கொண்டு பதில் சொன்னால் அவரை நிறுத்திவிட்டுப் பையனைப் பேசச் சொல்வார்கள். பிறகு நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கும் வருவார், இரண்டு வாரத்தில் அறிக்கை தர வேண்டும். அவரைப் போலீஸ் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடும் வீடுகள் உண்டு. அவர் எழுதும் அறிக்கைதான் பையனுக்கு மிகவும் உதவப்போவது, உட்காரவைத்துப் பேசுங்கள், பள்ளி வருகைப் பதிவும் மதிப்பெண்ணும் காட்டுங்கள். முடிவில் என்ன வரும்? குற்றம் செய்தான் என்று குழுமம் கண்டாலும், அறிவுரை சொல்லி அனுப்பலாம், ஆலோசனைக்கு வரச் சொல்லலாம், சமூக சேவை தரலாம், பெற்றோரை அபராதம் கட்டச் சொல்லலாம், நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம். சிறப்பு இல்லத்துக்கு அனுப்பும் அதிகாரமும் சட்டத்தில் இருக்கிறது. முதல் முறை, சொந்தமாகக் குடிக்க மூன்று குவாட்டர் என்ற வழக்கில் அந்த அளவுக்குப் போனதை நான் பார்த்ததில்லை.

எத்தனை நாள் இழுக்கும் என்பது எஃப்.ஐ.ஆரில் போட்டிருக்கும் பிரிவைப் பொறுத்தது. அதன் அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டுக்குள் இருந்தால் இளைஞர் நீதிச் சட்டம் அதைச் சிறு குற்றம் என்கிறது. சிறு குற்றமானால் முதலில் ஆஜரான நாளிலிருந்து நாலு மாதத்துக்குள் விசாரணை முடிய வேண்டும், இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம், அதற்குள்ளும் முடியாவிட்டால் நடவடிக்கையே முற்றுப்பெறும். அதற்கு மேற்பட்ட பிரிவு என்றால் இந்தச் சலுகை தானாகக் கிடைக்காது. 2024 திருத்தத்துக்குப் பிறகு பிரிவைப் பார்க்காமல் இதில் வாக்குக் கொடுப்பது தவறு. எண்ணைத் தெரிந்துகொண்டு வாருங்கள், சொல்கிறேன்.

படிப்பு, வேலை பற்றி. இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: இந்தச் சட்டத்தின் கீழ் நடத்தப்பட்ட பிள்ளைக்கு, தண்டனையால் வரக்கூடிய எந்தத் தகுதியிழப்பும் கிடையாது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் பதிவுகளை அழிக்க வேண்டும். நடத்தைச் சான்றுக்காகக் கேட்டால்கூடப் போலீஸ் இந்தப் பதிவை வெளியிடக் கூடாது என்று 74-ஆவது பிரிவு சொல்கிறது. சிறுவனாக இருந்தபோது நடந்த வழக்கைக் காட்டி வேலை மறுக்கக் கூடாது என்று 2019-இல் மத்தியப் படை ஒன்றின் வேலைக்குத் தேர்வான ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பிளஸ் டூ தேர்வு எழுத எந்தத் தடையும் வராது. பள்ளி இதைக் காரணம் காட்டி டிசி கொடுத்து அனுப்பப் பார்த்தால், குழுமத்தின் கவனத்துக்கே கொண்டுபோகலாம். இதில் ஒரு சந்தேகத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சட்டம் இப்படி இருந்தாலும், விண்ணப்பப் படிவத்தில் "எப்போதாவது வழக்கு இருந்ததா" என்ற கேள்விக்கு என்ன எழுதுவது என்பதில் வழக்கறிஞர்களிடையே இரண்டு கருத்து உண்டு. எழுத வேண்டியதே இல்லை என்பது ஒன்று. குழும உத்தரவைக் குறிப்பிட்டு எழுதிவிடுவது பாதுகாப்பு என்பது இன்னொன்று. நான் இரண்டாவது பக்கம். தேர்வுக் குழுக்கள் எல்லாம் இந்தச் சட்டத்தைப் படித்துவிட்டு உட்காருவதில்லை. மறைத்தான் என்ற பேச்சு எழாமல் இருப்பது நல்லது. அதனால் உத்தரவின் நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

அந்த 20 வயது நண்பனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் எனக்கு அவனை நினைத்துத்தான் அதிக வருத்தம். 21 ஆகாததால் டாஸ்மாக்கில் வாங்க முடியாது, 18 தாண்டியதால் இளைஞர் நீதிச் சட்டமும் காப்பாற்றாது. மதுவிலக்கு வழக்கில் அவன் முழு அளவுக்குக் குற்றம் சாட்டப்பட்டவன். போதாததற்கு, 18-க்குக் கீழே உள்ளவருக்கு மது கொடுத்தாலோ கொடுக்கச் செய்தாலோ இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவு, மதுவைக் கொண்டுபோகப் பிள்ளையைப் பயன்படுத்தினால் 78-ஆவது பிரிவு. இரண்டுக்கும் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம். பாண்டிக் கடையில் பையனே கேட்டு, அவர்கள் வயது பார்க்காமல் விற்றிருந்தால் அந்தக் கடைக்காரரும் 77-இல் வருவார், ஏனென்றால் இந்தச் சட்டம் ஆற்றின் இரண்டு கரைக்கும் பொது. தமிழ்நாடு காவலர் வேலைக்கான விதிகளில், சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரைக்கூட வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பையன் சீருடை வேலைக்கு ஆசைப்படுகிறவன் என்றால் ஒரு நாளும் தாமதிக்காமல் தனி வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். உங்கள் பையனுக்கும் அவனுக்கும் ஒரே வழக்கறிஞர் வேண்டாம். யார் வாங்கியது, யார் பையில் வைத்தது என்ற இடத்தில் இருவரின் நலனும் மோதும்.

ஸ்கூட்டர் அக்கா பெயரில் இருக்கிறது என்கிறீர்கள். மதுவிலக்குக் குற்றத்துக்குப் பயன்பட்ட வண்டியைப் பறிமுதல் செய்து ஏலம் விட அதிகாரம் உண்டு, ஆண்டுதோறும் ஏல அறிவிப்புகளைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். நோட்டீஸ் வந்தால் தனக்குத் தெரியாமல் நடந்தது என்று அக்கா காலக்கெடுவுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். அலட்சியமாக விட்டுத்தான் பலர் வண்டியை இழக்கிறார்கள். யார் ஓட்டியது என்று நீங்கள் எழுதவில்லை. உரிமம் உள்ள நண்பன் ஓட்டியிருந்தால் சரி. பையன் ஓட்டியிருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-ஏ பிரிவு வரும்: பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு ஓராண்டு ரத்து, பையனுக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது. மூன்று குவாட்டரைவிட இது பெரிய அடி. ஆனாலும் ஓட்டாதவனை ஓட்டினான் என்றோ, ஓட்டியவனை ஓட்டவில்லை என்றோ மாற்றிச் சொல்ல வேண்டாம். சாவடியில் கேமரா இருக்கலாம், பொய் சொன்னால் மற்ற எல்லாவற்றிலும் நம்பிக்கை போய்விடும்.

பாட்டில்களை வரிசையாக அடுக்கிப் பின்னால் ஆட்களை நிறுத்திப் படம் எடுக்கும் வழக்கம் இங்கே உண்டு. 18-க்குக் கீழே உள்ளவரின் பெயர், முகம், பள்ளி, ஊர் என எதுவும் வெளியே வரக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ. படம் ஏதாவது வாட்ஸ்அப் குழுவில் வந்திருந்தால் சண்டை போடாமல், நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுமத்திடம் கொடுங்கள். உறவுக்காரர்கள் குழுவிலும் யாரும் அதைப் பகிர வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

நாளைக்கு அக்காவும் மாமாவும் இரண்டு பேரும் போகட்டும், பையனைத் தனியாக அனுப்ப வேண்டாம். குழந்தை நலக் காவல் அலுவலர் யார் என்று கேட்டு அவரிடமே சான்றிதழைக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வாங்குங்கள். எழுதாத காகிதத்திலோ, படித்துக் காட்டாத காகிதத்திலோ யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். எஃப்.ஐ.ஆர். இருந்தால் நகல் கேளுங்கள். பணம் ஒரு தடையென்றால் பிள்ளைகளுக்கு இலவச சட்ட உதவி உரிமையாகவே உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், 15100-க்குக் கூப்பிடலாம். ஸ்டேஷனில் அடித்தாலோ இரவு வைத்துக்கொண்டாலோ உடனே குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். இன்றிரவு வீட்டிலும் யாரும் அவனை அடிக்க வேண்டாம். எவ்வளவு நாளாகக் குடிக்கிறான், இது முதல் தடவையா என்பதை அவனாகச் சொல்லும் அளவுக்கு நிதானமாகக் கேளுங்கள். நன்னடத்தை அலுவலர் கேட்கப் போகிற முதல் கேள்வியும் அதுதான்.